ஒரே தலையசைவு, நான்கு வகை மாறி: 1904 பெர்லின் குதிரை விசாரணை – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம்

உளவியல் சோதனைகளில் மாறிகளின் வகைகளைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். சாரா மாறி என்பது ஆய்வாளர் மாற்றுவது, சார்பு மாறி என்பது அவர் அளப்பது, புற மாறி என்பது இடையில் வந்து தொந்தரவு தருவது. தேர்வுக்கு இது போதும். ஆனால் சொந்தமாக ஒரு சோதனையை வடிவமைக்க உட்கார்ந்ததும் இந்தப் பட்டியல் கைவிட்டுவிடுகிறது. எந்தப் பொருளும் "நான் சாரா மாறி" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அந்தக் கேள்விதான் ஒரு மாறியின் வகையை முடிவு செய்கிறது.

ஒரு குதிரைக்குக் கணக்குத் தெரியுமா என்று 1904-ல் பெர்லினில் நடந்த ஒரு விசாரணையில் இது வேறெங்கும் காண முடியாத அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஒரு மனிதரின் தலை சற்றே அசைந்தது. விசாரணை நகர நகர, அந்த ஒரே அசைவு நான்கு வெவ்வேறு வகை மாறியாக மாறி மாறி நின்றது. இதில் வரும் மனிதர்களை இங்கே பெயரால் அல்லாமல் பொறுப்பால் குறிப்பிடுகிறோம்: உரிமையாளர், கேள்வி கேட்பவர், ஆய்வாளர். மாறிகளைப் புரிந்துகொள்ள யார் என்ன பொறுப்பில் நின்றார் என்பதே தேவை.

பின்னணி

வடக்கு பெர்லினில், உயரமான குடியிருப்புக் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு முற்றத்தில் ஹான்ஸ் என்ற குதிரை இருந்தது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது போலவே பல ஆண்டுகள் பொறுமையாக அதற்குப் பாடம் நடத்தியிருந்தார். சரியான விடைக்கு ரொட்டியோ காரட்டோ கிடைக்கும். அவர் அதை வைத்துப் பணம் பண்ணவில்லை. பார்க்க வந்தவர்களிடம் கட்டணமும் வாங்கவில்லை. குதிரைக்கு உண்மையிலேயே சிந்திக்கத் தெரியும் என்று அவர் முழுமனதாக நம்பினார்.

ஹான்ஸ் வலது முன்காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். கூட்டல், கழித்தல், பின்னங்கள், இன்றைய தேதி, கூட்டத்தில் எத்தனை பேர் தொப்பி அணிந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி என்று தோன்றியது. எழுத்துகளையும் தட்டல் எண்ணிக்கையாக மாற்றி ஒரு அட்டவணை செய்திருந்ததால் சொற்களைக்கூட அது "எழுத்துக்கூட்டி"ச் சொன்னது. உரிமையாளர் அருகில் இல்லாதபோதும், வேறு சிலர் கேட்டாலும் சரியான விடை வந்தது. மோசடி என்று எளிதாகத் தள்ளிவிட முடியாதபடி செய்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

முதல் விசாரணை: 1904 செப்டம்பர்

விலங்கியல், கால்நடை மருத்துவம், சர்க்கஸ் பயிற்சி, குதிரைப்படை, பள்ளிக் கல்வி, உளவியல் எனப் பல துறைகளைச் சேர்ந்த 13 பேர் குழுவாகக் கூடிச் சோதித்தார்கள். உரிமையாளரின் உடலைக் கூர்ந்து கவனித்தார்கள். அவரை அப்புறப்படுத்திவிட்டும் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். செப்டம்பர் 12-ல் வெளியிட்ட அறிக்கையில், வேண்டுமென்றே கொடுக்கும் சைகை எதுவும் இல்லை, அதுவரை தெரிந்த வகையில் தெரியாமல் கொடுக்கும் சைகையும் இல்லை, இது மேற்கொண்டு ஆழமாக ஆராய வேண்டிய விஷயம் என்று சொன்னார்கள். நேர்மையான அறிக்கைதான். ஆனால் வெளியே மக்கள் இதை "குதிரை கணக்குப் போடுகிறது, நிபுணர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாறிகளின் மொழியில் சொன்னால், அந்தக் குழு முக்கியமாக மாற்றிப் பார்த்தது "யார் கேட்கிறார்" என்பதை. உரிமையாளர் இருக்கிறார், இல்லை: இதுதான் அவர்களுடைய சாரா மாறி. சரியான விடைகளின் எண்ணிக்கை சார்பு மாறி. உரிமையாளர் போனாலும் எண்ணிக்கை விழவில்லை, ஆகவே அவர் காரணமில்லை. இந்த வாதத்தில் தவறு எதுவும் இல்லை.

ஆனால் உரிமையாளருக்குப் பதில் வந்து நின்றவருக்கும் விடை தெரிந்திருந்தது. கேட்கிற ஆள் மாறினார். கேட்கிறவருக்கு விடை தெரியும் என்ற நிலைமை மட்டும் முறையாக மாற்றப்படாமலே நின்றது. ஒரு சோதனையில் மாறாமல் நிற்கிற எதனுடைய விளைவையும் அந்தச் சோதனையால் காட்ட முடியாது. அது கண்ணெதிரே நின்றாலும் தரவில் அதன் சுவடு விழாது. குழப்பும் மாறிகள், அதாவது விளைவுக்கு வேறொன்று காரணம் என்று நம்மை நினைக்க வைப்பவை, பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். அவை மறைவாக இருப்பதால் தப்பிப்பதில்லை. எல்லா நிலைகளிலும் ஒரேபோல் இருப்பதால், அல்லது நாம் மாற்றுகிற மாறியோடு கைகோத்துக்கொண்டே மாறுவதால் தப்பித்துவிடுகின்றன.

இரண்டாம் விசாரணை: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெர்லின் பல்கலைக்கழக உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் அக்டோபரில் வேலையைத் தொடங்கினார். அவர் எடுத்த முதல் முடிவு முற்றத்தில் ஒரு கூடாரம் போடுவது. வேடிக்கை பார்க்கிறவர்கள், சத்தம், ஜன்னல்களிலிருந்து வரும் தலையீடுகள் ஆகிய புற மாறிகளை ஒரே அடியாக வெளியே நிறுத்த அது போதுமானது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அளக்க அவர் முயலவில்லை. ஒரு புற மாறியின் விளைவு உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் அதை மாறாமல் நிறுத்திவிடுவது போதும்; அளந்து நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

இரண்டாவது முடிவு உரிமையாளரைத் தவிர வேறு ஆட்களையும் கேள்வி கேட்க வைப்பது, தானே கேட்பது. இதனால் ஒரே மனிதரின் தனிப்பட்ட பழக்கம் முழு முடிவையும் தீர்மானிக்காமல் தவிர்க்க முடிந்தது.

மூன்றாவது முடிவில்தான் விசாரணை திரும்பியது. கேள்வி கேட்பவருக்கு விடை தெரியும், தெரியாது என்று இரண்டு நிலைகளை அவர் வைத்தார். முதல் விசாரணையில் மாறாமல் நின்றிருந்த அந்த ஒன்றை எடுத்துச் சாரா மாறி ஆக்கினார். எண் எழுதிய அட்டையைத் தான் பார்க்காமலேயே குதிரைக்குக் காட்டுவது ஒரு வழி. கூட்டல் கணக்குக்கு இன்னொரு வழி: ஒருவர் குதிரையின் காதில் ஒரு எண்ணை ரகசியமாகச் சொல்வார், அடுத்தவர் வந்து வேறொரு எண்ணைச் சொல்வார். இரண்டையும் கேட்டது குதிரை மட்டுமே. மொத்தம் எவ்வளவு என்பது அங்கே நிற்கும் எந்த மனிதருக்கும் தெரியாது. எளிமையான, செலவில்லாத ஏற்பாடு. "தெரியாது" என்ற நிலையை இதைவிடச் சுத்தமாக உருவாக்குவது கடினம்.

தெரிந்த முறையையும் தெரியாத முறையையும் அவர் மாற்றி மாற்றி நடத்தினார். முதலில் எல்லாம் தெரிந்தவை, பிறகு எல்லாம் தெரியாதவை என்று வைத்திருந்தால், பின்பாதியில் விடைகள் தவறியதற்குக் குதிரையின் களைப்பு காரணம் என்று யாரும் சொல்லலாம். அப்போது நேரமே குழப்பும் மாறியாக நுழைந்திருக்கும்.

கண்டது என்ன

எண் அட்டைகளில், விடை தெரிந்தவர் கேட்டபோது 98 சதவீதம் சரி. தெரியாதவர் கேட்டபோது 8 சதவீதம். காதில் சொன்ன கூட்டல் கணக்குகளில் ஒவ்வொரு முறைக்கும் 31 சோதனைகள்: தெரிந்தபோது 29 சரி, தெரியாதபோது 3.

குதிரை, இடம், கேள்வியின் வகை எல்லாம் ஒன்றே. மாறியது ஒன்றுதான், கூடவே விடைகளும் சரிந்தன. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பது இத்தோடு முடிந்துபோனது. ஆனால் சோதனை வடிவமைப்பில் அக்கறை உள்ளவர்கள் இங்கே நின்றுவிடக் கூடாது. "விடை தெரிந்திருப்பது" எப்படிக் குதிரையின் குளம்பு வரை போகிறது? தெரிந்திருப்பது மனிதரின் தலைக்குள் இருக்கிறது. தட்டல் குதிரையின் காலில் இருக்கிறது. நடுவே ஏதோ ஒன்று கடத்துகிறது. அதாவது, ஒரு இடையீட்டு மாறியைத் தேட வேண்டியிருந்தது.

நடுவே இருந்ததைத் தேடுதல்

வழி எது, காதா கண்ணா? கேள்வியை வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் நினைத்தாலே போதும், விடை வந்தது. ஆக, குரலுக்கு இதில் வேலை இல்லை. கண்ணைச் சோதிக்கக் குதிரைக்குப் பெரிய கண்பட்டைகள் கட்டினார்கள்.

இங்கே ஆய்வாளர் காட்டிய அக்கறை ஒன்று பாடப்புத்தகங்களில் வருவதில்லை. கண்பட்டை கட்டியது முதல் குதிரை கழுத்தை வளைத்து, தலையைத் திருப்பி, எப்படியாவது கேட்பவரைப் பார்க்க முயன்றது. எனவே "கண்பட்டை உண்டு" என்பதை அப்படியே "பார்க்கவில்லை" என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வாளர் 102 சோதனைகளையும் மூன்றாகப் பிரித்தார்: நிச்சயமாகப் பார்க்காதவை 35, பார்த்தவை 56, சந்தேகத்துக்கு உரியவை 11. பார்த்தபோது 89 சதவீதம் சரி, பார்க்காதபோது 6 சதவீதம், சந்தேகமானவற்றில் 18 சதவீதம்.

இன்றைய சோதனைகளில் இதைக் கையாளுகைச் சரிபார்ப்பு என்கிறோம். ஆய்வாளர் ஏற்படுத்த நினைத்த நிலை உண்மையிலேயே ஏற்பட்டதா என்பதைத் தனியாகப் பதிவு செய்வது அது. "கவனச்சிதறல் உள்ள குழு" என்று பெயர் வைத்துவிட்டால் போதாது. அந்தக் குழுவின் கவனம் உண்மையில் சிதறியதா என்று பார்க்க ஓர் அளவு இருக்க வேண்டும். 102 சோதனைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் கண்பட்டையால் பாதி விளைவுதான் என்று தோன்றியிருக்கும். தெளிவான ஒரு முடிவு மங்கிப் போயிருக்கும்.

பிறகு ஆய்வாளர் குதிரையை விட்டுவிட்டுக் கேட்பவரைப் பார்க்கத் தொடங்கினார். அப்போதுதான் அது தெரிந்தது. கேள்வி கேட்டு முடித்ததும், குளம்பைப் பார்ப்பதற்காகக் கேட்பவர் உடலைச் சற்று முன்னே சாய்க்கிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. எதிர்பார்த்த எண் வந்ததும் அவருடைய இறுக்கம் தளர்கிறது, தலை மிக மிக லேசாக மேலே எழுகிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. கேட்பவருக்குத் தான் அசைந்ததே தெரியாது. விடையில் ஒன்று கூடியோ குறைந்தோ போகும் தவறுகள் அடிக்கடி வந்ததற்கும் இதில் விளக்கம் இருந்தது: தலை கொஞ்சம் முந்தியோ பிந்தியோ எழுந்தால் எண்ணிக்கை ஒன்று பிசகும். கணக்கில் தவறு செய்கிறவர்களின் பிழைகள் இப்படிச் சரியான விடைக்கு ஒன்று முன்னும் பின்னுமாகக் குவிவதில்லை. சரி, தவறு என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் இந்தத் தடயம் போயிருக்கும். தட்டிய எண்ணிக்கையையே பதிவு செய்ததால் கிடைத்தது. சார்பு மாறியை எவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியுமோ அவ்வளவு நுணுக்கமாக அளந்து வைப்பது நல்லது. பிறகு சுருக்கிக்கொள்ளலாம்; விரிக்க முடியாது.

அதே அசைவு, வேறு வேறு இடம்

இதுவரை தலையசைவு இரண்டு இடத்தில் நின்றிருக்கிறது. செப்டம்பர் விசாரணையில் யாரும் கவனிக்காத குழப்பும் மாறி. அக்டோபருக்குப் பிறகு, விடை தெரிந்திருப்பதற்கும் தட்டலுக்கும் நடுவே இருக்கும் இடையீட்டு மாறி என்ற சந்தேகம். சந்தேகத்தை உறுதிசெய்ய ஆய்வாளர் இன்னும் இரண்டு சோதனைகள் செய்தார்.

முதலாவது ஆய்வகத்தில் நடந்தது. குதிரையின் இடத்தில் ஆய்வாளரே உட்கார்ந்து கையால் தட்டினார். எதிரே இருப்பவர் ஒரு எண்ணை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். சோதனையின் நோக்கம் அவருக்குச் சொல்லப்படவில்லை. 25 பேரில் இருவரைத் தவிர மற்ற எல்லோரிடமும், எண் வந்த நொடியில் அந்தத் தலையசைவு வந்தது. அசைவைக் கருவியால் பெரிதாக்கிப் பதிவும் செய்தார்கள். இங்கே சாரா மாறி நினைத்த எண். தலையசைவு சார்பு மாறி.

இரண்டாவது மறுபடி குதிரையிடம். ஆய்வாளர் எந்தக் கேள்வியும் கேட்காமல், எந்த எண்ணையும் நினைக்காமல், வேண்டுமென்றே முன்னே சாய்ந்தார். தனக்கு விருப்பமான தட்டலில் தலையை உயர்த்தினார். குதிரை அங்கே நின்றது. அதிகமாகச் சாய்ந்தால் வேகமாகத் தட்டியது. இப்போது தலையசைவு சாரா மாறி, தட்டல் சார்பு மாறி.

இடையீட்டு மாறியை நிரூபிக்க இந்த மூன்று அடிகளும் வேண்டும்: முதல் காரணம் அதை உண்டாக்குகிறது என்று காட்டுவது (ஆய்வகம்), அதை அடைத்தால் விளைவு மறைகிறது என்று காட்டுவது (கண்பட்டை), அதை மட்டும் தனியே உண்டாக்கினாலும் விளைவு வருகிறது என்று காட்டுவது (வேண்டுமென்றே அசைத்தது). இன்று வெளிவரும் பல ஆய்வுகள் ஒரே நேரத்தில் நிரப்பிய மூன்று வினாத்தாள்களுக்கு இடையே தொடர்புக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) பார்த்துவிட்டு "இடையீடு நிறுவப்பட்டது" என்று எழுதுகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்றத்தில் நடந்த வேலைக்குப் பக்கத்தில் அது மிகவும் மெலிந்த சான்று.

தூரம் என்ற இன்னொன்றும் உண்டு. கேட்பவர் தள்ளிப் போகப் போகத் தவறுகள் கூடின. தூரம் எதையும் கடத்துவதில்லை. கடத்தும் பாதை எவ்வளவு வலுவாக வேலை செய்கிறது என்பதை மட்டும் மாற்றுகிறது. இதை மட்டுப்படுத்தும் மாறி என்கிறோம். மாணவர்கள் இதையும் இடையீட்டு மாறியையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். "எப்படி நடக்கிறது" என்ற கேள்விக்கு விடை இடையீட்டு மாறி. "எப்போது அதிகமாக, எப்போது குறைவாக" என்பதற்கு விடை மட்டுப்படுத்தும் மாறி.

பின்விளைவு

1904 டிசம்பரில் அறிக்கை வெளியானது. 1907-ல் விரிவான நூலாக வந்தது. உரிமையாளர் முடிவை ஏற்கவில்லை. குதிரையைத் தொடர்ந்து மக்களுக்குக் காட்டிவந்தார், 1909-ல் இறந்தார். அவர் மோசடிக்காரர் இல்லை என்பதை ஆய்வாளரின் விசாரணையே உறுதிப்படுத்தியது. தான் கொடுத்த சைகை தனக்கே தெரியாத ஒருவர் அவர்.

இதன் நேரடி வாரிசுகள் பிற்காலச் சோதனைகளில் தெரிகின்றன. 1963-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 மாணவர்களிடம் எலிகள் கொடுக்கப்பட்டன. சிலரிடம் "இவை புத்திசாலி வகை", மற்றவர்களிடம் "இவை மந்த வகை" என்று சொல்லப்பட்டது. எலிகளுக்கிடையே அப்படி எந்த வேறுபாடும் இல்லை. ஆனாலும் பதிவான முடிவுகள் சொன்ன பெயருக்கு ஏற்பவே வந்தன. 2011-ல் மோப்ப நாய்களை நடத்தும் 18 பேரை வைத்து நடந்த ஆய்வில், தேடும் பொருளின் வாசனையே இல்லாத இடத்தில் பல முறை "கண்டுபிடிப்புகள்" பதிவாயின. சோதனை நடத்துபவரின் எதிர்பார்ப்பு எப்போதும் ஒரு மாறிதான். அதைக் கட்டுப்படுத்தத்தான் பங்கேற்பவர், நடத்துபவர் இருவருக்கும் நிலை தெரியாதபடி செய்யும் இரட்டை மறைப்பு முறை வழக்கத்துக்கு வந்தது.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

மாற்றி மாற்றி வைத்த வரிசையைக் கைவிட்டு, சமவாய்ப்பு எண்களால் வரிசையை முன்கூட்டியே தீர்மானித்து, மூடிய உறைகளில் வைப்போம். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் அடுத்தது எது என்று அங்கே நிற்பவர்கள் ஊகித்துவிடுவார்கள்.

தட்டல்களை எண்ணுபவர் கேள்வியையும் விடையையும் கேட்காத ஒருவராக இருப்பார். ஹான்ஸ் சில நேரம் கடைசியில் இடது காலால் ஒரு தட்டு வைக்கும். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? விடை தெரிந்தவர் எண்ணினால், சரியாக வரும்படி சேர்க்கவோ விடவோ கை தானாகப் போகும். சோதனை தொடங்கும் முன்பே "வலது முன்குளம்பு தரையைத் தொடுவது ஒன்றே ஒரு தட்டல், இடது காலின் தட்டு தனி நெடுவரிசையில் குறிக்கப்படும்" என்று செயல்பாட்டு வரையறை எழுதி வைக்க வேண்டும். மாணவர் ஆய்வுத் திட்டங்களில் மிக அதிகமாக விடுபடுவது இந்த ஒரு வரிதான். நினைவுத்திறன் சோதனையில் "நினைவுகூர்ந்த சொற்கள்" என்று எழுதிவிட்டு, எழுத்துப் பிழையோடு எழுதியது கணக்கா, ஒருமைக்குப் பன்மை எழுதியது கணக்கா என்று திருத்தும் மேசையில் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை எடுப்பவருக்கு எந்தத் தாள் எந்தக் குழுவினுடையது என்று தெரிந்திருந்தால், ஹான்ஸின் முற்றம் மறுபடி திறந்துவிடுகிறது.

குருட்டு அதிர்ஷ்டத்தில் எவ்வளவு வரும் என்பதையும் முன்பே கணக்கிடுவோம். 31-ல் 3 என்பது சிறியதாகத் தெரிகிறது; ஆனால் விடைகள் 1 முதல் 10 வரை சமமாக வரும் ஒரு சோதனையில் ஊகித்தாலே ஏறத்தாழ 3 கிடைத்துவிடும். விடைகளின் வீச்சைச் சொல்லாமல் சரியான விடைகளின் சதவீதத்தை மட்டும் தருவதால் எதையும் மதிப்பிட முடியாது.

கடைசியாக, சோதனைத் திட்டத்தின் அட்டவணையில் ஒரு நெடுவரிசை கூடுதலாகச் சேர்ப்போம். ஒவ்வொரு அடியிலும் அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்பதை அதில் எழுத வேண்டும்: பங்கேற்பவருக்கு, அறிவுறுத்தல் படிப்பவருக்கு, நேரம் பார்ப்பவருக்கு, திருத்துபவருக்கு. சொற்பட்டியலை ஒருவர் வாய்விட்டுப் படிக்கும் சோதனையில், அவருக்கு எந்தக் குழு முன்னே இருக்கிறது என்று தெரிந்தால் அவர் குரல் அடுத்த தலையசைவு ஆகலாம். ஒரே ஒலிப்பதிவை இரண்டு குழுக்களுக்கும் ஓட்டினால் அந்தப் பாதை அடைபடும். அந்த நெடுவரிசையில் ஒரே பதில் எல்லாக் கட்டங்களிலும் திரும்பத் திரும்ப வந்தால், அதைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.